சுரண்டிப் படித்தது

பிறைப் பட்டறையில் மேலே ஏற்றியிருந்தார்கள்.
பேர் மெரிந்தா. ஒன்பதாயிரம் டன்.
சண்டை முடிந்து பதினாலு மாசம்.
சதுர அடிக்கு எட்டுக் காசு,
ஆளுக்கொரு சுரண்டி,
மூக்கில் கட்ட அவரவர் துண்டு.

ஆபீசில் வெள்ளைக்காரத் துரையிடம் ஒரு கோப்பு இருந்தது.
எந்தத் துறைக்குப் போனது, எத்தனை பட்டாளத்தை ஏற்றியது,
எந்தத் தேதியில் அடிபட்டது, எல்லாம்.
எனக்கு இங்கிலீஷ் வராது.
இரும்பிலிருந்து படித்தேன்,
கடைசிப் பக்கத்திலிருந்து.

முதலில் சாம்பல்.
சாம்பலுக்குள் உப்பு.
மூணாவது அடுக்கில் மணல்.
சூயஸ் மணல் என்றான் சவுரிமுத்து,
சூயஸைக் கண்டவன்போல.
இடப்பக்கம் ஒரு தகடு மட்டும் புதுசு.
அதில் யாரும் ஆணியால் எதுவும் கீறவில்லை.

மற்ற இடமெல்லாம் கீறல்.
குர்முகியில் ஒரு வரி.
நாள் எண்ணிய கோடுகள், ஐந்தைந்தாகக் கட்டி,
பத்தொன்பதில் நிற்கிறது.
இறங்கியிருப்பான்.
இறங்கித்தான் இருப்பான்.
தமிழில், குனிந்து பார்த்தால்:
'மேல் படுக்கைக்காரன் வாந்தி. இப்படிக்கு தெ. வீரகுட்டி.'

என் தம்பியும் சண்டைக் காலத்தில்தான் போனான்,
சயாமுக்கு, ரயிலில், மூடிய பெட்டியில்.
அந்தப் பெட்டிக்குக் கோப்பு உண்டா என்று
யாரைக் கேட்பது?

துருப்பு 412 என்று ஒரு எண்.
எண் எனக்குத் தெரியும். துருப்பு என்பதை
சவுரிமுத்து யாரையோ கேட்டுவந்து சொன்னான்.
அதற்கும் அடியில்
பழுப்புப் பெயிண்டில், தமிழிலேயே:
டெக் பயணிகள் 560 பேர். இங்கே துப்பக்கூடாது.

அதே தளம். அதே நாலு தூண்.
இடது தூணில் அதே நெளிசல்,
அம்மா சேலையைக் கட்டித் தூளி போட்ட இடம்.
நாகப்பட்டினத்தில் ஏறியபோது எனக்கு எட்டு வயசு,
அரை டிக்கெட்.
பேரெல்லாம் யார் கேட்டார்கள்?
கப்பல் என்றால் கப்பல்.
ஜெரஜாக் தீவுக் கொரண்டியில்
மருந்துத் தண்ணீரில் முக்கி எடுத்ததுதான் ஞாபகம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
சாகப் போனவர்களுக்கு
எங்களைவிட நூற்று நாற்பத்தெட்டு ஆள் இடம்
தாராளம்.

செப்பாட், செப்பாட் என்றான் மாட் ஈசா.
சனிக்கிழமை தண்ணீரில் இறங்கணும்,
திரும்பவும் நாகப்பட்டின ஓட்டம்.
சிவப்பு ஈயம் ஒரு பூச்சு, வெள்ளை ஒரு பூச்சு.

வீரகுட்டியின் மேல் நான்தான் அடித்தேன்.
ஆணியை நன்றாக அழுத்தியிருக்கிறான் மனுசன்.
வெள்ளை காய்ந்த பிறகும் 'வீ' தெரிந்தது.
மூணாவது பூச்சுக்குக் கூலி இல்லை.