ஒன்பதாவது மடை

சாவி என் இடுப்புக் கயிற்றில்,
வெற்றிலைப் பையோடு.
கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே
இந்தக் கிளையின் ஒன்பது மடைக்கும்
நான்தான் லஸ்கர்.

ஆழியாற்றில் திறந்தாச்சு என்று
ஓவர்சியர் பிரமோத் சார் போன் செய்தால்
மூன்றாம் நாள் சாயங்காலம்
முதலில் வருவது தண்ணீரில்லை.
சருகு, பிளாஸ்டிக் பாட்டில்,
அதை மோந்துகொண்டே கரையில் ஒரு நாய்.
பின்னால்தான் தண்ணீர்.

சைக்கிளில் போகிறபோது
எந்த வீட்டில் என்ன வேகிறது என்று
மூக்குக்குத் தெரியும்.
முதல் மடையில் மத்தி வறுவல், திங்கட்கிழமைகூட.
ஐந்தில் நிலம் முழுக்கத் தென்னை,
கள்ளுக்குக் குத்தகை விட்டது;
காசு புழங்குகிறது, ஆனால்
கொத்தமல்லித் தழைகூடக் கடையிலிருந்து.
ஏழுக்கு அப்புறம்
ரேஷன் மட்டை அரிசி கொதிக்கும் வாசம், அது மட்டும்.

ஒன்பது, மயிலாத்தாளுடையது.
வியாழன் இரவு பத்திலிருந்து இரண்டு வரை
அட்டையில் நாலு மணி நேரம்.
எலி வளை, நண்டு வளை,
இருட்டில் வாய் வைத்து உறிஞ்சும் மோட்டார்கள்,
எல்லாம் குடித்த மிச்சம்
அவள் காட்டுக்கு ஒரு மணி நேரம்.
முளைக்கப் போதும்.
மணி பிடிக்கப் போதாது.
முந்தின வருசம் கடலை
பிஞ்சோடு சுருண்டது. விதை கடன்.

போன வியாழன்
அவளே மூன்றாம் மடைக்கு நடந்து வந்தாள்.
மண்வெட்டி இல்லை. கக்கத்தில் காலிச் சாக்கு.

"லஸ்கரண்ணா, என்ற நாலு மணி நேரத்தை
இங்கியே ஆறுச்சாமி வயலுக்குத் திருப்பிருங்க.
மணிக்கு நாலு படி நெல்லு, பேசியாச்சு."

"உன் காடு?"

"கொள்ளு வெதச்சுட்டேன்.
அது பனியக் குடிச்சுக்கும்.
தண்ணிய நாங்க தின்னுக்கறோம்."

முறையை விற்கக் கூடாது, சட்டம்.
பதினாறு படி நெல், எட்டுப் படி அரிசி,
அடுத்த முறைக்குப் பன்னிரண்டு நாள்,
அவளும் இரண்டு பையன்களும்.
நான் கணக்குப் போட்டு முடிக்குமுன்
பூட்டு திறந்திருந்தது.

இரண்டு மணி வரை கரையிலேயே உட்கார்ந்திருந்தாள்.
அளவு குறைக்கிறேனா என்று பார்க்கவா,
போகிறதைப் பார்க்கவா,
கேட்கவில்லை.

பதிவேடு மலையாளம்.
தண்ணீருக்கு அதில் வெள்ளம் என்றுதான் எழுத வேண்டும்.
எழுதினேன்:
ஒன்பதாம் மடை. வெள்ளம் எத்தி.
எத்தி என்றால் அங்கே
வந்து சேர்ந்தது என்று அர்த்தம்.
மாதக் கடைசியில் சித்தூர் ஆபீஸ் சுவரில்
கடைமடைக்கு எதிரே ஒரு பச்சைப் புள்ளி ஏறும்.

விடிந்து அந்தப் பக்கம் போனேன்.
மடைவாயில் ஓணான்.
அவள் மூத்த பையன் கேரியரில் சாக்கை ஏற்றி
மில்லுக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"ராத்திரி எங்களுக்குத் தண்ணி வந்துதுங்களா?"

வந்துது, என்றேன்.

வாய்க்காலை ஒருமுறை பார்த்தான்.
பிறகு, சாக்கு சரியாமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டு
மேட்டில் சைக்கிளைத் தள்ளினான்.