மூன்று அங்குலம்

கோழி கூவுமுன் லாந்தர்கள் வந்துவிட்டன.
வடக்கின் பாதை ஓர் அகலம், தெற்கின் பாதை ஓர் அகலம்.
இத்தனை காலம் எல்லையில்
பருத்திப் பொதியை இறக்கி ஏற்றினார்கள்,
மனிதர்களை இறக்கி ஏற்றினார்கள்,
பெட்டியையே தூக்கிச் சக்கரம் மாற்றினார்கள்.
போர் முடிந்து இருபத்தொரு வருடம்.
இன்றைக்குத்தான் தெற்கு முழுவதும்
இரண்டு தண்டவாளத்தில் ஒன்றை
மூன்று அங்குலம் உள்ளே தள்ளப்போகிறோம்.
அவ்வளவுதான். நாடு ஒன்றாகிவிடும் என்கிறது
கம்பெனியின் சுற்றறிக்கை.

என் பெயர் ஐசம் பெட்டிகுரூ.
பெட்டிகுரூ என்பது என்னை வைத்திருந்தவரின் பெயர்.
பதிவேட்டில் எழுதுகிறவன் அவசரப்பட்டான்.
எனக்கும் அன்று வேறொன்று தோன்றவில்லை.

இந்த இரும்பை எனக்கு முன்பே தெரியும்.
பத்தொன்பது வயதில்
நீலச் சட்டைக்காரர்களோடு சேர்ந்து
கட்டைகளைக் குவித்துத் தீ வைத்து,
தண்டவாளம் பழுக்கும்வரை காத்திருந்து,
பைன் மரத்தைச் சுற்றி முறுக்கினேன்.
அப்படிச் சிரித்ததில்லை நான்,
அதற்கு முன்பும் பின்பும்.
அடுத்த வருடமே,
நாளுக்கு முக்கால் டாலர் கூலிக்கு,
அதே முறுக்கை அடித்து நிமிர்த்தினேன்.
முழுக்க நிமிராது.
கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கைக்குத் தெரியும்
எந்த இடத்தில் வளைந்தது என்று.

மேஸ்திரி லான்ஸ்ஃபோர்டுக்கு இடது கை இல்லை.
சாம்பல் சட்டை போட்டுப் போனவர்,
அதன் ஒரு கையை மடித்து ஊசி குத்தித் திரும்பினார்.
மழைக்கு முந்தின நாள்
இல்லாத விரல்கள் வலிக்கும் என்பார்.
என்னிடம் அல்ல, வானத்திடம்.
இருக்கிற கையில் அளவுகோல்.

தண்ணீர் வாளி இரண்டு, குவளை இரண்டு.
அளவுகோல் ஒன்றுதான்.

ஆணியைப் பிடுங்கு. கடப்பாரையைக் கொடு.
மூச்சை அடக்கித் தள்ளு.
அவர் 'நிறுத்து' என்னுமுன் நின்றோம்.
குனிந்து கோலை வைத்தார். மயிரிழை பிசகவில்லை.
ஒரு கணம் என்னைப் பார்த்தார்.
சிரித்தாரோ என்னவோ,
லாந்தர் வெளிச்சத்தை நம்பி எதையும் சொல்ல முடியாது.

அடுத்த எட்டு மைலைத் தள்ளுகிறவர்கள்
சங்கிலிக் கைதிகள்.
பன்றி திருடியவன், கடன் கட்டாதவன்,
கடைத்தெருவில் சும்மா நின்றவன்.
நின்றதற்கு ஒரு வருடம்.
என் திர்சாளின் தம்பி அதில் இருக்கிறான்.
இரும்பில் இரும்பு உரசுவது காற்றில் இங்குவரை கேட்கிறது,
எது தண்டவாளம், எது கால் என்று பிரித்தறிய முடியாமல்.
சட்டத்தை நான் எழுத்துக் கூட்டிப் படித்தவன்.
இனி எவனும் அடிமையில்லை என்று வருகிற வரியில்
ஒரு காற்புள்ளி,
அதற்குப் பின்னால் 'தண்டனையாகத் தவிர'.
அன்று அந்தப் புள்ளியில் நான் நிற்கவில்லை.
ஓடிப்போய் மணி அடித்தேன்.

எழுபதில் வாக்குப் போட்டேன்.
எழுபத்தாறில் ஹெசகியா போனான்,
நான் போகவில்லை.
அவன் கோவேறு கழுதை மட்டும் வழி தெரிந்து வீடு வந்தது.

மறுநாள் சாயங்காலம் வந்தது வடக்கிலிருந்து முதல் ரயில்,
எல்லையில் நிற்காமல்,
யாரும் இறங்காமல், எதுவும் மாற்றாமல்.
தொப்பிகள் பறந்தன. ஊர்ப் பெரியவர் ஒருவர் அழுதார்.
எனக்கும் தொண்டை அடைத்தது, பொய் சொல்வானேன்,
என் மைலில் சக்கரம் ஒரு துள்ளலும் துள்ளவில்லை.
எங்கள் ஆட்கள் உட்காரும் பெட்டி
எஞ்சினுக்கு அடுத்தது,
புகை முதலில் போய்ச் சேருமிடம்.

கூட்டம் கலைந்தபின் பார்த்தேன்:
கட்டைக்குக் கட்டை,
பழைய தண்டவாளம் கிடந்த தடம்
வெயில் படாத தோல்போல வெளுத்து,
பிடுங்கிய ஆணிகளின் துளைகளோடு.
மர முளை அடித்து அடைக்க வேண்டும்.
இல்லாவிட்டால் நீர் இறங்கிக் கட்டை உள்ளுக்குள்ளே இற்றுப்போகும்,
மேலே ஒன்றும் தெரியாது.
சுற்றறிக்கையில் அதற்கு ஆளும் இல்லை, நாளும் இல்லை.
மைலுக்கு ஐயாயிரம் துளை.
கோணிப்பை நிறைய முளைகளோடு குந்தி அடிக்கிறேன்.

"அடுத்த வாரம் பார்க்கலாம்" என்றபடி போகிறார் லான்ஸ்ஃபோர்டு.
போகிறவர்
வெறும் சட்டைக் கையைத் தடவிக்கொள்கிறார்.