வரி எண் 611

மூன்று நிலாக்கள் உள்ள கோளுக்கு
அரபியில் வசனம் எழுதுகிறேன்,
நிமிடத்துக்கு இரண்டரை தினார்.
வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து, மேலே போகக் கூடாது.
முற்றுப்புள்ளி மட்டும் அடம்பிடித்து
வரியின் தப்பான முனையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
அதை இழுத்து வந்து இடப்பக்கம் வைப்பதற்கு
யாரும் காசு தருவதில்லை.

அம்மான். ஜபல் அல்-வெய்ப்தே. நான்காம் மாடி.
இரவு ஒன்றரை மணி.
திரையில் பாலைக்குடிகள்
தோல்பைத் தண்ணீரைத் துளித்துளியாய் எண்ணுகிறார்கள்.
எங்கள் தெருவுக்கு வியாழன் மட்டும்.
மோட்டாரைப் போட்டுவிட்டு வந்து உட்கார்கிறேன்.
மொட்டைமாடித் தொட்டி நிறையும் சத்தமும்
அவர்கள் எண்ணும் குரலும்
கொஞ்ச தூரம் சேர்ந்தே போகின்றன.

கம்பெனியின் குறிப்பு:
பூமிக்காரர்கள் பேசினால் மொழிபெயர்க்கவும்.
பாலைக்குடிகள் பேசினால்
அடைப்புக்குறிக்குள் 'வேற்றுக்கோள் மொழி' என்று போடவும்.
பத்தாயிரம் ஆண்டு கழித்துப் பிறக்கப்போகும் மொழி,
பார்வையாளருக்குப் புரியாது.

எனக்குப் புரிகிறது.
பல கை மாறிய காசு மாதிரி ஓரம் தேய்ந்திருக்கிறது,
தொண்டையில் உரச வேண்டியதெல்லாம்
நாக்கு நுனிக்கு வந்துவிட்டது,
என்றாலும் 'மா' என்றால் தண்ணீர்தான்.
நாயகன் மண்டியிட்டு 'என் இதயமே' என்கிறான்.
அவன் வாயில் அது 'என் நாயே' என்று விழுகிறது.
நாயகி கண்கலங்குகிறாள்.

ஒருத்தி மணலில் இரு உள்ளங்கையும் தட்டி
முகத்தில் தடவிக்கொள்கிறாள், பிறகு கைகளில்.
குறிப்பில் 'மர்மச் சடங்கு'.
அகபா சாலையில் பேருந்து பழுதாகி நின்ற மதியம்
எதிர்வீட்டு உம்மு சுஹைப் இதைத்தான் செய்தாள்,
தொழுகை நேரம், குடத்தில் சொட்டு இல்லை.
நான் மாதாபாக்காரி. ஞாயிறானால் தேவாலயம்.
அங்கேயும் அல்லா என்றே கூப்பிடுகிறோம்.
எனக்கே தெரிந்த ஒன்று
யாருக்கு மர்மம்?

நாவலில் பக்கத்துக்குப் பக்கம் வந்த ஒரு சொல்லை
படத்தில் காணோம்.
அந்த இடத்தில் 'புனிதப் போர்' நிற்கிறது,
புது வாடகைக்காரன் மாதிரி விறைப்பாக.
என் அண்ணனின் பெயர் அந்தச் சொல்.
ஜிஹாத் ஹத்தாதீன், பல் மருத்துவன்.
பாடுபட்டு முன்னேறட்டும் என்று அப்பா வைத்தது.
டொரொன்டோ விமான நிலையத்தில் நாலு மணி நேரம்
அந்தப் பெயரோடு ஒரு நாற்காலியில் இருந்தான்.
கடைசியில் அதிகாரியின் கடைவாய்ப்பல்லைப் பற்றி
ஆலோசனை சொல்லிவிட்டு வந்தான்.

வரி எண் 611.
குன்றின் மேல் நின்று
பாலைக்குடிகள் எதிரில் வருகிறவர்களைப் பார்த்து
ஒன்று சொல்கிறார்கள்.
அடைப்புக்குறி போட விரல் வரவில்லை.
வெறுமையாக விட்டு அனுப்பினேன்.
மறுநாளே திரும்பி வந்தது: பிழை, வரி இல்லை.
போட்டுக் கொடுத்தேன். வாடகை இருக்கிறது.

முதல் வெள்ளி, இரவுக் காட்சி, கடைசி வரிசை.
விடுமுறைக்கு வந்த அண்ணன் பக்கத்தில்.
'புனிதப் போர்' வந்ததும் முழங்கையால் இடித்தான்:
'என்னை வெட்டிட்டாங்களா?'

பிறகு அந்தக் குன்று.
மூன்று நிலா. காற்று.
கீழே என் கைவேலை, 'வேற்றுக்கோள் மொழி',
முற்றுப்புள்ளி சரியான பக்கத்தில்.
மேலே அவர்கள் வாய் திறந்து
தேய்ந்துபோன அந்த ஸலாமைச் சொன்னார்கள்.

முன்வரிசையில் யாரோ ஒரு பையன்,
வாய் நிறைய சோளப்பொரியோடு,
யோசிக்காமல்,
'வ அலைக்கும்' என்றான்.

அரங்கமே சிரித்தது.
சிரிப்புக்கு நடுவே இன்னும் இரண்டு மூன்று குரல்
அதையே முணுமுணுத்தது.