பதினான்கு புள்ளி ஏழு

காடியின் பெயர் ஈஸ்வரா.
நடுச்சாலையில் நின்றுவிடும்போது
கூப்பிடத் தோதான பெயர்.
தொண்ணூற்று நாலாம் வருஷத்துக் கார்புரேட்டர்.
அதன் தாகத்துக்கே என் ஓவர்டைம் போகிறதென்று
லைனில் எல்லோருக்கும் தெரியும்.

பாயான் லெப்பாஸில் இரவு ஷிஃப்ட்.
விடிவதற்குள் இரண்டாயிரம் உணரிகளைச்
சூடாக்கி, ஆறவைத்து,
பாஸ் ஒரு தட்டு, ஃபெயில் ஒரு தட்டு.
எனக்கென்று ஒன்று வாங்கியது இதுதான் முதல்:
கட்டைவிரல் தடிமனில் ஆக்சிஜன் சென்சர்,
ஒரு வட்ட மீட்டர், ஒரு கொத்து வயர்,
எண்ணூற்று அறுபது வெள்ளி.
"அந்தக் காசுக்கு ஒரு ஃபிரிட்ஜ் வரும்" என்றாள்
அறையில் கூட இருக்கும் சுகிர்தவல்லி.
வரும்தான்.
ஃபிரிட்ஜ் எதையும் சொல்லாதே.

ஜெலுத்தோங்கில் பூன் ஹோக் பட்டறை.
புகைக்குழாயில் துளையிட்டு, வளையம் வைத்து ஒட்டி,
முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னார்:
"தங்காச்சி, இது படுக்கவும் கூடாது,
தலைகீழா தொங்கவும் கூடாது.
மணி பத்துல முள்ளு எப்படி, அப்படி.
தண்ணி தேங்கினா செத்துப்போகும்."

சிவப்பு, சாவி திருப்பினால் உயிர் வரும் இடத்துக்கு.
கறுப்பு, பெயின்ட் சுரண்டிய வெறும் இரும்புக்கு.
இரண்டு ஃபியூஸ் போனது.
மூன்றாவதைச் செருகுமுன்தான் தெரிந்தது,
வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன்.

குழாயில் முடுக்குமுன் இன்னொரு வேலை:
சென்சருக்கு முதலில் வெறும் காற்றைக் காட்ட வேண்டும்.
சுத்தமான காற்று, என்கிறது தாள்.
பட்டறைக்குள் தின்னர் வாடை.
வெளியே குப்பைமேட்டு வாடை.
ஆகஸ்ட் புகைமூட்டத்தில்
பாலம் பாதியிலேயே முடிந்துபோயிருந்தது.

துளையை ஒரு போல்ட்டால் அடைத்துக்கொண்டு
பத்து மாவுங் வரை ஓட்டினேன்.
அங்கேயும் புகைதான், கொஞ்சம் உப்போடு.
எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பி,
சென்சரைச் சன்னலுக்கு வெளியே தொங்கவிட்டேன்.
வலை உதறிக்கொண்டிருந்த மலாய்க்காரர் கேட்டார்,
"இந்தத் தூண்டிலுக்கு என்ன மீன் விழும்?"
பதில் சொல்லவில்லை.
என் மூச்சுப் பட்டால் கணக்குத் தப்பும்.
காற்றென்றால் என்னவென்று
அது தெரிந்துகொள்ளும்வரை
வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஒரு பங்கு எண்ணெய்க்குப்
பதினான்கு புள்ளி ஏழு பங்கு காற்று.
இரண்டிலும் மிச்சம் வைக்காமல் எரியும் கணக்கு அது.
சிக்னலில் நின்றபோது பதினொன்று புள்ளி ஆறு.
குடிகாரன்தான்,
ஊரே சொன்னது சரிதான் என்றிருந்தது.

பாலிக் பூலாவ் மலைப்பாதை.
இரண்டாவது கொண்டை ஊசி வளைவில்
எண் மேலே போகத் தொடங்கியது.
பதினைந்து. பதினாறு.
பதினாறு புள்ளி ஒன்பது.
வாடை இல்லை, கரும்புகை இல்லை.
உள்ளே காய்ந்து எரிந்துகொண்டிருந்தது.

நின்றால் கொட்டுகிறது,
ஏறினால் கிடைப்பதில்லை.
என் சம்பளத்துக்கும் இதே நோய்.
குடிக்கிறது குடிக்கிறது என்று
எத்தனை மேட்டில் திட்டியிருப்பேன்.
அங்கேயெல்லாம் அது
எண்ணெய் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

பாதி மூடி இறுகிக் கிடந்த சோக் ஒன்று.
அடைத்துப்போன எண்ணெய் ஃபில்டர் இன்னொன்று.
பூன் ஹோக் அதை வாயில் வைத்து ஊதினார்,
கன்னம்தான் உப்பியது.
துப்பிவிட்டுச் சிரித்தார்:
"எண்ணூற்று அறுபது குடுத்து
ஆறு வெள்ளி சாமானைக் கண்டுபிடிச்சிட்டே."

இப்போதெல்லாம் சுகிர்தவல்லி
முன்சீட்டில் உட்கார்ந்தால் சாலையைப் பார்ப்பதில்லை.
பன்னிரண்டு எட்டு என்கிறாள்,
பதினாலு ரெண்டு என்கிறாள்,
குலுக்கல் முடிவு வாசிப்பவள் போல.
போன ஞாயிறு
ஒன்று நான்கு ஏழு பூஜ்யம் என்று
நாலு நம்பர் எடுத்தாள்.
அடிக்கவில்லை.

திரும்பும் வழியில் அந்த மேட்டை
மூன்றாம் கியரிலேயே ஏறினோம்.