ஐம்பது நிமிடம்

வட்டாரக் கல்வி வாரியத்தின் விதி:
வாரத்துக்கு ஐந்து மணி நேரம்.
பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.
விழித்திருக்க வேண்டும் என்று இல்லை.
இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

ஆர்லன் ஹாவ்லண்ட், பீட்ரூட் சர்க்கரை ஆலையில்
இரவு ஷிப்ட் முடிந்து வந்து
பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சோபாவில் குறட்டை விடுகிறார்.
அவர் மகனுக்கு நான்
பின்னங்களைக் கிசுகிசுக்கிறேன்.

இடுப்பிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு.
கட்டிலைக் கூடத்துக்கே கொண்டுவந்திருக்கிறார்கள்.
ஜன்னலுக்கு வெளியே டகோட்டாவின் வெள்ளை,
அதில் மஞ்சளாக ஒரு பேருந்து,
இந்த வாசலில் மட்டும் வேகம் குறைக்காமல்.

"எனக்கு வீட்டுப்பாடம் இல்லையா?"
விலக்கு உண்டு கார்ஸ்டன், உனக்கு.
மற்றவர்களுக்கு வகுப்புக்குப் பத்து நிமிடம்.
ஐந்தாம் வகுப்பென்றால் ஐம்பது.
"எனக்கும் ஐம்பது வேணும்."
எதற்கு? எல்லாமே வீட்டில்தானே நடக்கிறது?

பென்சிலைக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்தபடி
கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான்.
"நீங்க போன பிறகும்
இது பள்ளிக்கூடமாவே இருக்கு.
வீட்டுப்பாடம்னு ஒண்ணு குடுத்தாத்தான்
வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும்."

படிவத்தில் அதற்கொரு கட்டம் இல்லை.
ஏழு கணக்குகள் எழுதிக் கொடுத்தேன்,
கடைசி ஒன்று கடினம்.
பதிவேட்டில் ஏற்றவில்லை.

வாசலில் குனிந்து பனிக்காலணி மாட்டும்போது
உள்ளே கேட்டது,
மூன்று மணிக்குப் பள்ளி விட்ட பையனின்
நீளமான கொட்டாவி.
பின்னாலேயே டிவி.

கணக்கெல்லாம் ராத்திரிக்குத்தான் போல.