வெள்ளைக் கணக்கு

மன்னார்குடி பந்தலடியில் என் கடை.
கடையென்றால் ஒரு ஷட்டர், ஒரு டிவிஎஸ், ஒரு நோட்டு.
அரைக்கிலோ பாக்கெட்டுகளை அட்டைப்பெட்டியில் கட்டி
காலை ஆறரைக்குக் கிளம்பிவிடுவேன்.

நோட்டில் சரக்கின் பேர் எழுதுவதில்லை.
வெள்ளை என்று மட்டும்.
வெள்ளை இரண்டு, பக்கிரிசாமி ஃபாஸ்ட் ஃபுட்.
வெள்ளை ஒன்று, ஹாஜா புரோட்டா.
வெள்ளை பத்து, அமிர்தகடேசன், கல்யாண சமையல்,
வைகாசி என்றால் பதினைந்து.

பக்கிரிசாமி வண்டியில் சிவப்பெழுத்துப் போர்டு:
இங்கு அஜினமோட்டோ சேர்ப்பதில்லை.
அதற்கு நேர் பின்னால்தான்
பாக்கெட்டை வைத்துவிட்டு வரவேண்டும்.
ஒருநாள் காற்றில் போர்டு திரும்பிக்கொண்டது.
இருவரும் பார்த்தோம்.
அவர் அதை நேராக்கிவிட்டு
மீதிச் சில்லறையைக் கொடுத்தார்.

போன ஐப்பசியில், வெளியே மழை,
பள்ளிக்கூட ஹாலில் உணவும் நஞ்சும் என்று கூட்டம்.
எலும்பை அரிக்கும், மூளையைத் தின்னும் என்றார்
மைக் பிடித்தவர்.
கடைசி வரிசையிலிருந்து நானும் கைதட்டினேன்.
முடிவில் தந்த சாம்பார் சாதம்
அமிர்தகடேசன் கைப்பக்குவம்.
பேசியவர் இன்னொரு பொட்டலம் கேட்டு வாங்கிப்போனார்.

கம்பெனியிலிருந்து டை கட்டிய பையன் ஒருவன் வருவான்.
கரும்பாலைக் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து எடுப்பதுதான் சார்,
பழுத்த தக்காளியில் இருக்கிறது,
முத்துப்பேட்டைக் கருவாட்டில் இருக்கிறது,
தாய்ப்பாலில் இருக்கிறது, மாட்டுப்பாலைவிட அதிகம் என்பான்.
எல்லாம் கேட்டுக்கொண்டு
கமிஷன் எத்தனை சதவீதம் என்பேன்.

வீட்டுக்குள் மட்டும் ஏற்றியதில்லை.
கல்யாணமான வாரமே செங்கமலத்திடம் சொல்லிவிட்டேன்,
விற்பது வாசலோடு சரி.
தலையாட்டினாள்.
பத்தொன்பது வருஷமாக அவள் ரசம்
நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டு
விழுங்கிய பின்னும் இறங்க மறுக்கும்.
ஊரெல்லாம் வெள்ளை, என் அடுப்பு சுத்தம் என்று
கைகழுவும்போது நினைத்துக்கொள்வேன்.

மாசியில் அவள் தொண்டையில் கட்டி.
தஞ்சாவூரில் முப்பது நாள் கரண்ட் வைத்தார்கள்.
கட்டி போனது. ருசியும் போனது.
கஞ்சியை மண் என்றாள், தேனைக் கோந்து என்றாள்,
நான் தேடி வாங்கிவந்த மாம்பழத்தை
சோப்பு என்று துப்பினாள்.
எடை மெஷினில் முள் நாற்பத்தொன்றில் நின்றது.
அவள் சும்மா இருந்தாள். நான்தான் மெஷினைத் தட்டிப்பார்த்தேன்.

அன்றிரவு
சொந்த உபயோகத்துக்கென்று முதன்முதலாக
ஒரு பாக்கெட்டைப் பிரித்தேன்.
டியூப்லைட்டில் ஊசி ஊசியாக மின்னியது.
இத்தனை வருஷம் விற்றவன்
இன்றுதான் முகம் பார்க்கிறேன்.
தக்காளித் தண்ணியில் ஒரு சிட்டிகை.
கலக்கும்போது கரண்டி சத்தம் போடாமல் பார்த்துக்கொண்டேன்.

முதல் ஸ்பூன் உள்ளே போனது.
இரண்டாவதற்குக் கண்ணை மூடினாள்.
மூன்றாவதை என் கையிலிருந்து பிடுங்கித் தானே குடித்தாள்.
என்ன போட்டீங்க?
தக்காளி, நல்ல பழம் என்றேன்
பக்கிரிசாமியின் முகத்தை வைத்துக்கொண்டு.

சிரித்தாள். பாதியில் இருமல் வந்து
தண்ணீர் குடித்து
மறுபடியும் விட்ட இடத்திலிருந்து சிரித்தாள்.
கம்மியா இருக்கு.
நான்னா இன்னும் ரெண்டு கிள்ளு போடுவேன்.

மேலராஜவீதி பஷீர் கடை,
சின்னப் பாக்கெட், மாசம் இரண்டு,
கல்யாணமான மறுமாசத்திலிருந்து.
உங்க கடையில எடுத்தா
நோட்டுல தெரிஞ்சிடும்ல.

நோட்டை எடுத்துவந்து புரட்டினேன்.
பஷீர் பெயர் வாராவாரம் இருக்கிறது.
அவருக்கும் சரக்கு கொடுப்பவன் நான்தான்.
என் வீட்டு ரசத்தில்
எனக்கே லாபம் வந்திருக்கிறது,
பாக்கெட்டுக்கு நாற்பது பைசா.

பெருக்கிப் பார்க்கத் தொடங்கியபோது
கிண்ணத்தால் என் முழங்கையைத் தட்டினாள்.
காலியாக இருந்தது.