வெளிப்பை

வாட்சோவில் நவம்பர் கடைசியில் போகும் சூரியன்
ஜனவரி நடுவில்தான் திரும்பும்.
அதுவரை எங்கள் கூடத்தில்
முக்காலியின்மேல் ஒரு வட்ட விளக்கு எரியும்.
அதை நகர்த்துகிறவன் நான்.
"கொஞ்சம் இடதுபக்கம், தூர்கெய்ர்" என்பாள் சூன்னிவா.
நகர்த்துவேன்.
இரவில் நண்டு ஆலை. பகலில் இது.

ரன்வைக் பிறந்தது அப்படி ஒரு டிசம்பரில்.
விடியற்காலை மூன்று மணிக்குப்
பால் கட்டி அழுத என் மனைவிக்கு
ஒத்தடம் கொடுக்கச் சொல்லிக்கொடுத்தவள்
தெற்கே எங்கோ, முகம் தெரியாத ஒருத்தி.
மாடி வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டவில்லை.
நான் ஆலையில் இருந்தேன்.
நன்றி சொல்ல ஒரு படம் போட்டாள்:
குழந்தையின் குதிகால், என் கட்டைவிரல் அளவு.
நானூறு பேர் வாழ்த்தினார்கள்.
அன்றைக்குத்தான் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.
இதை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னால் நான் பொய்யன்.

பிறகு படம் குதிகாலிலிருந்து மேலே ஏறியது.
முழங்கால் சிராய்ப்பு. தொப்புள். மலச்சிக்கல்.
காதில் குழாய் வைத்த அறுவை.
முதல் பல் வெள்ளிக்கிழமை விழுந்தது;
வெளிச்சம் சரியில்லையென்று
சனிக்கிழமையும் விழுந்தது.
விழுந்த பல்லை உதட்டுக்குள் இடுக்கிக்கொண்டு
"இப்பவா?" என்று கேட்டாள்.
நான் விளக்கை இடதுபக்கம் நகர்த்தினேன்.

ஓட்ஸ் கஞ்சிக் கம்பெனி பெட்டி பெட்டியாய் அனுப்பியது.
ஒரு கரண்டி, ஒரு சிரிப்பு,
துப்புவதற்கு என் உள்ளங்கை.
கார் கடனில் பாதியை
அந்தக் கரண்டிதான் அடைத்தது.

கடையில், மீன் பெட்டிகளுக்குப் பக்கத்தில்
ஒரு அம்மாள் குனிந்து "லொம்வி!" என்றாள்.
லொம்வி கடற்பறவை. பிறந்த அன்று அதுபோலக் கத்தினாளென்று
நாங்கள் வீட்டுக்குள் கூப்பிடும் பெயர்.
"காது இப்போ வலிக்குதா கண்ணு?"
நல்ல மனுஷி. அக்கறையாகத்தான் கேட்டாள்.
பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்,
யாரோ உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல.
காரில் ஏறி வெகுநேரம் கழித்து:
"அவங்க நம்ம வீட்ல எந்த ரூம்ல இருக்காங்க?"

பள்ளியில் சூரியன் வரையச் சொன்னார்கள்.
இவள் வரைந்தது ஒரு வெள்ளை வளையம்,
நடுவே கறுப்பாக ஒரு நீள்சதுரம்.
ஆசிரியை சிரித்தார். சூன்னிவாவும் சிரித்தாள்.
அதையும் படமெடுத்தாள்.
பத்தொன்பதாயிரம் இதயங்கள்.

சூரியன் திரும்பும் நாள்.
பாதி ஊர் குன்றின்மேல் நின்றது,
ஜாம் வைத்த பன்னும் காப்பிக் குடுவையுமாக.
மைனஸ் பதினெட்டு.
"போனை நீ வச்சுக்கோ, சூடா இருக்கட்டும்" என்றாள்.
குளிரில் பேட்டரி செத்துப்போகும்.
அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.
என் கோட்டில் இரண்டு பைகள்.
உள்ளே ஒன்று, நெஞ்சையொட்டி.
வெளியே ஒன்று.

தெற்கே, கடலுக்கு மேல், ஒரு கோடு சிவந்தது.
யாரோ தகரத்தைத் தட்டினார்கள்.
சூன்னிவா கறுத்த திரையை ஊதினாள், தேய்த்தாள்,
கன்னத்தோடு வைத்து அணைத்துக்கொண்டாள்.
பிறகு வேறு வழியில்லாமல் நிமிர்ந்தாள்.
அவள் முகத்தில் வெளிச்சம் விழுந்தது,
நான் நகர்த்தாத வெளிச்சம்.
எத்தனை நிமிடமென்று தெரியவில்லை.
அவளைப் பார்த்துக்கொண்டே இருந்ததில்
நான் சூரியனைப் பார்க்கவில்லை.

ரன்வைக் என் கையுறையை இழுத்தாள்.
அம்மாவுக்குக் கேட்காத குரல்:
"அப்பா, படம் எடுக்கல.
சூரியன் மறுபடி ஒரு தடவை வரணுமா?"

"நாளைக்கு வரும்" என்றேன்.

"சரி" என்றாள்.
சிரிப்பை ஒரு தரம் போட்டுப் பார்த்துவிட்டு
உதட்டை மூடிக்கொண்டாள்.